‘மைசெல்ஃப் கவிதா’ என்பதிலிருந்து தொடங்கும் சிக்கல்: லிங்கிங் வெர்ப், ரிஃப்ளெக்ஸிவ் ப்ரொனவுன் இரண்டையும் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பிள்ளைகள் எல்லாரும் தமிழ்வழியில் படிப்பவர்கள்; பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் அவர்கள் காதில் விழுவது அரிது.

ஏழாம் வகுப்பில் தன்னறிமுகப் பயிற்சி கொடுத்தேன். ஏறத்தாழ எல்லா ஏடுகளிலும் ஒரே அமைப்புதான் இருந்தது: ‘மைசெல்ஃப் கவிதா. மை ஃபாதர் ஃபார்மர். மை மதர் வெரி குட். மை ஹவுஸ் நியர் டெம்பிள்.’ நான்கு வாக்கியங்களில் ஒன்றில்கூட வினைச்சொல் இல்லை. இத்தனைக்கும் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், சீம், பிகம், லுக், ஃபீல்’ என்ற லிங்கிங் வெர்ப் (எழுவாயை அதைப் பற்றிச் சொல்லும் சொல்லோடு இணைக்கும் வினை) பட்டியலை இதே பிள்ளைகள் தடையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ‘இஸ்’ விடுபடக்கூடாது என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தினால், அடுத்த வாரம் ‘ஹி இஸ் கோ டு ஸ்கூல்’ என்று எழுதுகிறார்கள். ‘லுக்ஸ்’ வந்துவிட்டால் ‘ஷி லுக்ஸ் ஹேப்பிலி’ என்கிறார்கள்.

‘மைசெல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’ என எழுவாயையே திரும்பச் சுட்டும் ரிஃப்ளெக்ஸிவ் ப்ரொனவுன்களிலும் இதே நிலைதான். எட்டு வடிவங்களும் மனப்பாடம். ஆனால், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ‘முருகன் ஹர்ட் ஹிம்’ என்றோ ‘ஹிஸ்செல்ஃப்’ என்றோதான் விடை வருகிறது. இந்த இரண்டு பாடங்களில் எதை முதலில் எடுப்பது, எவ்வாறு எடுப்பது, தமிழைத் துணைக்கு அழைப்பதால் நன்மையா கேடா என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மதுரை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் மாணவி எழுதிய நான்கு வாக்கியங்களையும் அப்படியே தமிழில் படித்துப் பாருங்கள்: நான் கவிதா, என் அப்பா விவசாயி, என் அம்மா மிக நல்லவர், என் வீடு கோயிலுக்குப் பக்கத்தில். நான்கும் தமிழில் முழுமையான, பிழையற்ற வாக்கியங்கள். நம் மொழியில் பெயரே பயனிலையாக நிற்கும். தொல்காப்பியம் வேற்றுமையியலில் எழுவாய்க்குரிய பயனிலைகளை ஆறாக வகுக்கும்போது ‘பண்புகொள வருதல், பெயர்கொள வருதல்’ என்று இரண்டைத் தனியே சொல்கிறது. ‘ஆ கரிது’, ‘ஆ பல’ (ஆ என்றால் பசு) என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஆகவே வினைச்சொல் விடுபட்டதைக் குழந்தையின் கவனக்குறைவு என்று எண்ணிச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போவதில் பயனில்லை. அந்தப் பிள்ளை தன் மொழியின் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறாள். ஆங்கிலம் அந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை மட்டும் நாம் அவளுக்குக் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ‘ஆகும்’. சமூக அறிவியல் விடைகளில் ‘சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம் ஆகும்’ என்று பிள்ளைகள் நாள்தோறும் எழுதுகிறார்கள். பேச்சில் அந்த ‘ஆகும்’ வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தமிழில் நாம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் அந்தச் சொல்லை ஆங்கிலம் எப்போதும் கேட்கும், பேச்சிலும் விடாது, வாக்கியத்தின் நடுவிலேயே கேட்கும் என்று சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, இறந்தகாலத்திலிருந்து தொடங்குவது. ‘என் தாத்தா விவசாயியாக இருந்தார்’ என்ற வாக்கியத்தில் தமிழிலேயே ‘இருந்தார்’ என்ற வினை இருக்கிறது. அதனால் ‘மை க்ராண்ட்ஃபாதர் வாஸ் எ ஃபார்மர்’ என்பது இயல்பாக வந்து அமரும். அதன் கீழேயே ‘என் அப்பா விவசாயி’ என்று எழுதி, தமிழில் வெற்றிடமாக உள்ள அந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டி, ‘நேற்றைக்கு வாஸ் வந்த இடத்தில் இன்றைக்கு என்ன வரும்?’ என்று கேளுங்கள். பாடநூல் வரிசை நிகழ்காலத்தில்தான் தொடங்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த வரிசையைத் திருப்பிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, ‘ஷி லுக்ஸ் ஹேப்பிலி’. இதன் வேரும் தமிழில்தான் இருக்கிறது. ‘மலர் மகிழ்ச்சியாகப் பாடினாள்’, ‘மலர் மகிழ்ச்சியாக இருந்தாள்’ ஆகிய இரண்டிலும் நமக்கு ‘மகிழ்ச்சியாக’ என்ற ஒரே வடிவம்தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹேப்பிலி’, இரண்டாவது ‘ஹேப்பி’. முதல் வாக்கியத்தில் அச்சொல் பாடிய விதத்தைச் சொல்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் மலரைப் பற்றிச் சொல்கிறது. ‘ஆக’ என்று முடிந்தாலே ‘லி’ சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் தாமாகவே ஒரு விதியை உருவாக்கி வைத்திருப்பார்கள். அந்த விதி பாதி இடங்களில் சரியாகவும் வரும் என்பதால் அதை விடவும் மாட்டார்கள். ஆகவே, ‘இந்தச் சொல் யாரைப் பற்றியது, எதைப் பற்றியது?’ என்ற கேள்வியைப் பழக்கப்படுத்துங்கள். ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ சொன்னால் ‘லி’ வேண்டாம். செயலைப் பற்றிச் சொன்னால் ‘லி’ வேண்டும். ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போன்ற சில சொற்கள் இதற்குக் கட்டுப்படாதவை. அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’, ‘ஃபீல்’, ‘லுக்’ ஆகியவை செயல்வினையாகவும் வரும், லிங்கிங் வெர்ப்பாகவும் வரும் என்பதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட நாக்கில் விளக்குவது எளிது. ஒரு தட்டில் வெல்லம், உப்பு, புளி, வேப்பங்கொழுந்து ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஒரு மாணவி வேப்பங்கொழுந்தை வாயில் வைக்கும்போது வகுப்பு ‘ஷி இஸ் டேஸ்டிங் த லீஃப்’ என்று சொல்ல வேண்டும். அவள் முகம் சுளித்ததும் ‘த லீஃப் டேஸ்ட்ஸ் பிட்டர்’ என்று அவளே சொல்ல வேண்டும். தமிழில் இனிக்கிறது, கரிக்கிறது, புளிக்கிறது, கசக்கிறது, துவர்க்கிறது, உறைக்கிறது என்று ஒவ்வொரு சுவைக்கும் தனி வினையே உண்டு. ஆங்கிலத்தில் ‘டேஸ்ட்ஸ்’ என்ற ஒரே வினையோடு சுவையின் பெயரடையைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தத் தட்டே கற்பித்துவிடும். அதன்பிறகு சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்: வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பார். ‘த லீஃப் இஸ் பிட்டர்’ பொருள் தருகிறது. ஆகவே அங்கே ‘டேஸ்ட்ஸ்’ லிங்கிங் வெர்ப். ‘மலர் டேஸ்டட் த லீஃப்’ என்பதை ‘மலர் இஸ் த லீஃப்’ என்று மாற்றினால் மலரே இலையாகிவிடுவாள்; ஆகவே அங்கே ‘டேஸ்டட்’ செயல்வினை. பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

மறுமொழி 2: ஆசிரியர் பயிற்றுநர், கோயம்புத்தூர்

மதுரை ஐயா சொன்ன தமிழ் ஒப்பீட்டை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆயினும், அதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். ‘இஸ்’ வேண்டும், ‘இஸ்’ வேண்டும் என்று அழுத்திச் சொன்னபின் ‘ஹி இஸ் கோ’, ‘ஐ ஆம் அக்ரீ’ என்றெல்லாம் வருவது, விதியின் எல்லையைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னதன் விளைவு. தமிழில் வினைமுற்று இருக்கும் வாக்கியத்துக்கும் வினைமுற்று இல்லாத வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ‘அவன் பள்ளிக்குப் போகிறான்’ என்பதில் ‘போகிறான்’ இருக்கிறது. அதற்கு ‘கோஸ்’ கிடைத்துவிட்டது. இன்னொரு வினைக்கு அங்கே வேலை இல்லை. ‘அவன் கெட்டிக்காரன்’ என்பதில் வினை இல்லை. ஆகவே ‘இஸ்’ வர வேண்டும். பத்துப் பதினைந்து தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து, எவற்றுக்கு ‘இஸ்’ வேண்டும் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஆங்கிலத்தில் எழுதவே வேண்டாம்.

ஐயா குறிப்பிடாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தூக்கம் வருகிறது ஆகியவற்றில் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் அவர் எழுவாயாகிவிடுவார்: ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’, ‘ஐ ஃபீல் ஸ்லீப்பி’. ‘மீ ஹங்க்ரி’ என்று எழுதும் பிள்ளை ‘எனக்கு’ என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடியிருக்கிறது. ‘ஃபீல்’ என்ற வினையை அறிமுகப்படுத்த இந்த வாக்கியங்களைவிட நல்ல வாயில் கிடையாது. மற்றொன்று எதிர்மறை. ‘அவர் மருத்துவர் இல்லை’ என்பதில் ‘இல்லை’ ஒன்றே வினையாகவும் மறுப்பாகவும் நிற்பதால் பிள்ளைகள் ‘ஹி நாட் டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். ‘இல்லை’ என்பதற்கு ‘நாட்’ என்று பொருள் சொல்லிக்கொடுக்காமல், ‘இஸ் நாட்’ என்று இரண்டையும் சேர்த்தே ஒரே மூச்சில் சொல்லிப் பழக்குங்கள்.

‘லிங்கிங் வெர்ப்’ என்ற பெயரைக் கடைசியாகச் சொன்னால் போதும். பெயர் தெரிந்த பிள்ளைக்குப் பயன்பாடு தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். தங்கள் மாணவர்கள் பட்டியலை ஒப்பித்துவிட்டு ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று எழுதுவதே இதற்குச் சான்று. எதை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு என் விடை: ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்னும் ‘பி’ வினை வடிவங்கள் முதலில், புலன்வினைகள் அடுத்து, ‘பிகம்’, ‘சீம்’, ‘ரிமெய்ன்’ போன்றவை அதன்பின். ரிஃப்ளெக்ஸிவ் ப்ரொனவுனுக்குள் நுழைவதற்கு முன் ‘மீ, ஹிம், ஹர், தெம்’ ஆகியவை உறுதியாக வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஷி கால்டு ஹி’ என்று எழுதும் பிள்ளைக்கு ‘ஹிம்செல்ஃப்’ விளங்காது.

கேட்டவரின் தொடர்ச்சி: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘இருந்தார்’ என்பதிலிருந்து தொடங்கும் முறையை நாளையே வகுப்பில் பயன்படுத்தப்போகிறேன். ரிஃப்ளெக்ஸிவ் ப்ரொனவுன் குறித்து இன்னும் ஓர் ஐயம். ‘வெட்டிக்கொண்டான்’, ‘திட்டிக்கொண்டான்’ என்பவற்றில் வரும் ‘கொள்’ என்ற துணைவினையை ‘செல்ஃப்’ என்பதற்கு இணையாகக் காட்டலாம் என்று சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவளமையக் கூட்டத்தில் ஒருவர் கூறினார். அவ்வாறு செய்தால், ‘உட்கார்ந்துகொண்டான்’ என்பதற்கும் பிள்ளைகள் ‘ஹி சாட் ஹிம்செல்ஃப்’ என்று எழுதிவிடுவார்களே என்று தயங்குகிறேன். ‘தான்’, ‘தன்னை’ என்பவற்றைக் காட்டுவது மேலானதா?

மறுமொழி 3: ஆங்கில ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். இங்கே தரம் எட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்மூலப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடல் கடந்தாலும் பிழைகள் ஒன்றாகவே இருக்கின்றன. தங்கள் தயக்கம் நியாயமானது. ‘கொள்’ ஓரளவுக்குத்தான் துணைபுரியும். தலை வாரிக்கொண்டாள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷி கோம்ப்ட் ஹர் ஹேர்’ என்றுதான் வரும். கையை வெட்டிக்கொண்டான் என்பதற்கு ‘ஹி கட் ஹிஸ் ஹேண்ட்’ என்று வரும். உட்கார்ந்துகொண்டான், எழுதிக்கொண்டான் போன்றவற்றில் ‘செல்ஃப்’ தேவையே இல்லை. அதற்கு மாறாக, ‘நாங்கள் சுற்றுலாவில் நன்றாக மகிழ்ந்தோம்’ என்பதில் ‘கொள்’ இல்லை. ஆங்கிலத்தில் ‘வி எஞ்சாய்ட் அவர்செல்வ்ஸ்’ என்று வர வேண்டும். அல்லது ‘வி எஞ்சாய்ட் த ட்ரிப்’ என்று எதை என்பதைச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘வி எஞ்சாய்ட்’ என்று நிறுத்துவது நம் எல்லாருடைய வாயிலும் வருவதுதான்.

‘தான்’ என்பதிலோ வேறொரு பள்ளம் இருக்கிறது. நம் மொழியில் ‘தான், தன்னை, தனக்கு’ என்பவை வாக்கியத்துக்குள் அடங்கிய இன்னொரு வாக்கியத்தில் இருந்துகொண்டே வெளியில் உள்ள எழுவாயைச் சுட்டும். ‘ஆசிரியர் தன்னைத் திட்டியதாக முருகன் சொன்னான்’ என்றால் திட்டு வாங்கியவன் முருகன். இதை ஒரு பிள்ளை ‘முருகன் செட் தட் த டீச்சர் ஸ்கோல்டட் ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால், ஆசிரியர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார் என்று பொருள் மாறிவிடும். ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ தனக்கு மிக அருகிலுள்ள வினையின் எழுவாயைத்தான் பார்க்கும். திட்டியவர் யாரோ அவரைத்தான் அது குறிக்கும். முருகனைக் குறிக்க ‘ஹிம்’ என்று எழுத வேண்டும். இடத்தைக் காட்டும்போதும் இவ்வாறே. ‘தன் பக்கத்தில் பையை வைத்தாள்’ என்பது ‘ஷி கெப்ட் த பேக் பிசைட் ஹர்’ என்று வரும். ‘தன் புத்தகம்’ என்பது ‘ஹிஸ் புக்’ அல்லது ‘ஹிஸ் ஓன் புக்’ என்று வரும்.

ஆகவே நான் ஒற்றைத் தமிழ்ச் சொல்லுக்கு ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பொருத்துவதை விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன்: செய்தவர் யார்? செய்யப்பட்டவர் யார்? இரண்டுக்கும் ஒரே ஆள் விடையாக வந்தால் ‘செல்ஃப்’. வேறு ஆள் வந்தால் ‘ஹிம்’ அல்லது ‘ஹர்’. இதற்கு ஒரு கைக்கண்ணாடி போதும். இரண்டு மாணவிகளை வகுப்பின் முன்னே நிறுத்துங்கள். முதலாமவள் தோழியைப் பார்க்கட்டும்: ‘ஷி இஸ் லுக்கிங் அட் ஹர்’. பிறகு கண்ணாடியை உயர்த்தித் தன் முகத்தையே பார்க்கட்டும்: ‘ஷி இஸ் லுக்கிங் அட் ஹர்செல்ஃப்’. ‘ஹர்’ என்பதற்கும் ‘ஹர்செல்ஃப்’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை வகுப்பு முழுவதும் கண்ணாலேயே காணும். தொடர்ந்து ‘ஐ’, ‘யு’, ‘தே’ என்று மாற்றி மாற்றி எல்லா வடிவங்களையும் அதே கண்ணாடியைக் கொண்டு சொல்ல வைக்கலாம்.

அழுத்தத்துக்காக வரும் ‘செல்ஃப்’ வேறு வகை. ‘நானே வரைந்தேன்’ என்பதில் உள்ள ‘ஏ’ அங்கே ‘மைசெல்ஃப்’ ஆகிறது: ‘ஐ ட்ரூ இட் மைசெல்ஃப்’. அதை நீக்கினாலும் வாக்கியம் விழாது. ‘முருகன் ஹர்ட் ஹிம்செல்ஃப்’ என்பதில் நீக்கினால் விழுந்துவிடும். இந்த ஒரு சோதனையால் எம்ஃபாட்டிக் எது, ரிஃப்ளெக்ஸிவ் எது என்று பரீட்சையில் கேட்கப்படும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மறுமொழி 4: ஆசிரியர் பயிற்றுநர், கோயம்புத்தூர்

யாழ்ப்பாண நண்பரின் ‘ஆசிரியர் திட்டினார்’ எடுத்துக்காட்டை எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் பயன்படுத்திக்கொள்கிறேன், மிகப் பொருத்தமானது. ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’ என்ற பிழைகளைப் பற்றி ஒரு சொல். ‘மை’, ‘யுவர்’, ‘அவர்’ என்னும் உடைமை வடிவங்களோடு ‘செல்ஃப்’ சேர்வதைக் கண்ட பிள்ளை ‘ஹிஸ்’, ‘தேர்’ என்பவற்றோடும் சேர்க்கிறது. விதியைப் பின்பற்றியதால் வரும் பிழை இது. படர்க்கையில் ஆங்கிலமே முறை மாறிச் செயப்படுபொருள் வடிவமான ‘ஹிம்’, ‘தெம்’ என்பவற்றோடு சேர்க்கிறது. தன்மை, முன்னிலை வடிவங்களை ஒரு நாளும் படர்க்கை வடிவங்களை மற்றொரு நாளும் கற்பித்தால் இந்தக் கலப்பு பெரிதும் குறையும்.

மரியாதைப் பன்மையையும் கவனியுங்கள். ‘தலைமையாசிரியர் தாமே கொடியேற்றினார்’ என்பதற்குப் பிள்ளைகள் ‘தெம்செல்வ்ஸ்’ என்று எழுதுவதுண்டு. ஆங்கிலத்தில் மரியாதை எண்ணை மாற்றாது; ஒருவர் என்றால் ‘ஹிம்செல்ஃப்’ அல்லது ‘ஹர்செல்ஃப்’. ‘நீங்களே சொன்னீர்கள், டீச்சர்’ என்பதும் ‘யு யுவர்செல்ஃப்’ என்றுதான் வரும். வகுப்பு முழுவதையும் பார்த்துச் சொன்னால் மட்டுமே ‘யுவர்செல்வ்ஸ்’.

கவிதாவின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஐ கவிதா’ என்பது வெறுமையாக ஒலிப்பதை அந்தப் பிள்ளையின் காதே உணர்ந்திருக்கும். பெரியவர்கள் மேடையில் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவதைக் கேட்டு அந்த வெறுமையை அதைக் கொண்டு நிரப்பியிருக்கிறாள் என்றே நினைக்கிறேன். அவளிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வாக்கியத்தில் யாரேனும் எதையேனும் தனக்குத்தானே செய்துகொண்டார்களா? இல்லை, ஆகவே ‘செல்ஃப்’ வேண்டாம், ‘ஐ’ போதும். தமிழில் இங்கே வினை இருக்கிறதா? இல்லை, ஆகவே ‘ஆம்’ வேண்டும். ‘ஐ ஆம் கவிதா’ கிடைத்துவிடும். மேடையில் பேசும் பிள்ளைக்கு இன்னும் சற்று முறையான தொடக்கம் வேண்டுமென்றால், ‘லெட் மி இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப், ஐ ஆம் கவிதா’ என்று பழக்குங்கள், அங்கே அறிமுகப்படுத்துபவரும் அறிமுகமாகிறவரும் அவளே என்பதால் ‘மைசெல்ஃப்’ தன் சரியான இடத்தில் நிற்கிறது.

கேட்டவர்: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

மூவருக்கும் நன்றி. முதல் வாரம் ‘இருந்தார்’ வாக்கியங்களும் வினை உண்டா இல்லையா என்று குறிக்கும் பயிற்சியும். அடுத்த வாரம் சுவைத் தட்டு. ‘ஹிம்’, ‘ஹர்’ ஆகியவற்றை ஒருமுறை சோதித்த பிறகே கண்ணாடி என்று திட்டமிட்டிருக்கிறேன். சுவைத் தட்டில் புளிக்குப் பதிலாக நெல்லிக்காய் வைக்கலாமா என்று தோன்றுகிறது. எங்கள் பள்ளி வளாகத்திலேயே மரம் இருக்கிறது, தின்று தண்ணீர் குடித்ததும் இனிக்கும் என்பதால், ‘இட் டேஸ்டட் சார், நவ் த வாட்டர் டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்று இரண்டு காலங்களையும் ஒரே பயிற்சியில் சொல்ல வைத்துவிடலாம்.